மார்க் ஃபிட்ரிச்: ஒரே ஒரு கோடைகாலத்துப் பறவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலைப் பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பெயர் மார்க் ஃபிட்ரிச். மேஜர் லீக் எனப்படும் உச்ச மட்டத்தில் அவர் ஆடியது ஐந்தே பருவங்கள். அவற்றில் முழுதாக ஆடியது ஒன்றுதான். இருந்தும், இருபது ஆண்டுகள் ஆடியவர்களைவிட அதிகமானோர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த மார்க் ஃபிட்ரிச்?

1954 ஆகஸ்ட் 14 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்து, அருகிலுள்ள நார்த்பரோ என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் முடித்தபின் ஊரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1974இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அவரைப் பத்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில் பத்தாவது சுற்று என்றால், அவருக்கு முன்னால் இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் அழைக்கப்பட்டுவிட்டன என்று பொருள். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத பையன் அவர்.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். பிட்சர் என்பவர் பந்து வீச்சாளர்தானே?

ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறுகிறார். பேஸ்பாலில் தொடக்கப் பிட்சர் ஒரு மண்மேட்டின் மேல் நின்று, தன்னால் முடிந்தவரை, எதிரணியின் எல்லா பேட்டர்களுக்கும் அவரே எறிந்துகொண்டிருப்பார். பந்து தரையில் பட்டு எழுவதில்லை; பேட்டருக்குப் பின்னால், விக்கெட் கீப்பரைப்போல் இருக்கும் கேட்சரின் கையுறைக்கு நேராகப் போகிறது. ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்; அப்போதும் சமநிலை என்றால் மேலும் நீளும். ஒன்பதையும் ஒருவரே எறிந்து முடித்தால் அதை 'முழு ஆட்டம்' என்பார்கள். கையும் தோளும் அன்று படும் பாட்டைச் சொல்லி மாளாது. அதனால்தான் ஒரு தொடக்கப் பிட்சர் நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் களமிறங்குவார். இந்த 'முழு ஆட்டம்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். கீழே அது மறுபடி வரும்.

'பறவை' என்ற பெயர் எப்படி வந்தது?

குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் 'பிக் பேர்ட்' என்றொரு நெடிய மஞ்சள் பறவைப் பாத்திரம் உண்டு. ஃபிட்ரிச்சும் நெட்டையானவர், ஒல்லியானவர். தொப்பிக்கு வெளியே சுருள் சுருளாகப் பொன்னிற முடி. கைகால்களை உதறி நடக்கும் நடை. விர்ஜீனியாவின் பிரிஸ்டல் நகரில் இருந்த இளையோர் அணியில் ஆடியபோது பயிற்சியாளர் ஜெஃப் ஹோகன் அந்தப் பறவையின் பெயரை அவருக்கு வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. 1977 ஜூனில் ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் அந்தப் பறவையோடு சேர்ந்தே நின்றார்.

அவர் உண்மையிலேயே பந்தோடு பேசினாரா?

பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பந்தை முகத்துக்கு நேரே பிடித்து, உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டுத்தான் எறிவார். கேட்டால், 'எனக்கு நானேதான் சொல்லிக்கொள்கிறேன், கவனம் சிதறாமல் இருக்க' என்ற கருத்தில் பதில் சொல்வார்.

அவருடைய மற்ற பழக்கங்களையும் சொல்ல வேண்டும். இன்னிங்ஸ் தொடங்கும்போது மண்மேட்டில் மண்டியிட்டு, முன்பு எறிந்தவர்களின் காலணி பறித்த குழிகளைக் கையாலேயே நிரவிச் சமன் செய்வார். மைதானப் பணியாளர்கள் செய்ய வேண்டிய வேலை அது. சக ஆட்டக்காரர் ஒருவர் நன்றாகப் பந்தைப் பிடித்துவிட்டால், ஆட்டத்தின் நடுவிலேயே அவரிடம் ஓடிப்போய்க் கைகுலுக்குவார். பேட்டர் பந்தை அடித்துவிட்டு, ஓடிச் சேர வேண்டிய இடமான பேஸை அவுட் ஆகாமல் எட்டினால் அது 'ஹிட்'. எதிரணி அப்படி ஹிட் எடுத்த பந்தை மறுபடி எறிய மாட்டார்; நடுவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பந்துக்குள் ஒரு ஹிட் இருக்கிறது, அது நடுவரின் பைக்குள் போய் மற்றப் பந்துகளோடு கொஞ்ச நேரம் கலந்திருந்தால் திருந்தி வரும் என்பது அவர் தந்த விளக்கம்.

இவற்றைக் கூட்டத்தைக் கவர்வதற்கான நடிப்பு என்று அப்போதே சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. வேடிக்கை பார்க்க ஆளே இல்லாத சின்ன மைதானங்களில் ஆடிய நாள்களிலும் அவர் இதையேதான் செய்துகொண்டிருந்தார்.

1976இல் அப்படி என்ன சாதித்தார்?

அந்த ஆண்டுப் பயிற்சி முகாமுக்கு அவர் போனது அணியின் வீரர் பட்டியலில் இல்லாத ஆளாக. எப்படியோ அணியில் இடம் கிடைத்தது. முதல் சில வாரங்கள் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். மே 15 அன்று தொடக்கப் பிட்சராக வர வேண்டியவருக்குக் காய்ச்சல். மேலாளர் ரால்ஃப் ஹௌக் இந்த 21 வயதுப் பையனை மேட்டுக்கு அனுப்பினார். எதிரணி கிளீவ்லேண்ட். முதல் ஆறு இன்னிங்ஸ்களில் அவர்களால் ஒரு ஹிட் கூட எடுக்க முடியவில்லை. ஆட்டம் முழுவதும் இரண்டே ஹிட்டுகள். 2-1 என்று வெற்றி.

அடுத்த ஆட்டத்தில் பாஸ்டனிடம் தோற்றார். அதன்பின் மில்வாக்கியை 11 இன்னிங்ஸ் எறிந்து வென்றார். அடுத்து டெக்சாஸ், அதையும் 11 இன்னிங்ஸ் எறிந்தே வென்றார். அப்படியே போயிற்று அந்தக் கோடை.

பருவம் முடிந்தபோது 19 வெற்றி, 9 தோல்வி. டைகர்ஸ் அணி அந்த ஆண்டு பெற்றதே 74 வெற்றிகள்தாம். கால் பங்குக்கு மேல் இந்த ஒருவருடையவை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்த ரன் 2.34, மேஜர் லீகின் இரு பிரிவுகளான அமெரிக்க லீக், தேசிய லீக் இரண்டிலும் அதுதான் மிகக் குறைவு. 29 ஆட்டங்களைத் தொடங்கி 24ஐ முழு ஆட்டமாக முடித்தார். அமெரிக்க லீகின் சிறந்த புதுமுகம் என்ற விருது கிடைத்தது. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் ஜிம் பால்மருக்கு அடுத்த இடம். ஜூலை 13 அன்று ஃபிலடெல்ஃபியாவில், அதிபர் ஜெரால்ட் ஃபோர்டும் வந்திருந்த, இரு லீகுகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில், அமெரிக்க லீகின் தொடக்கப் பிட்சரும் அவரே. அன்று முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் கொடுத்துத் தோற்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1976 ஜூன் 28 ஆட்டத்தைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

அதுவரை அவர் டெட்ராய்டின் செல்லப்பிள்ளை. அன்று இரவு நாடு முழுவதற்கும் சொந்தமானார். திங்கட்கிழமை இரவு ஏபிசி தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. எதிரே நியூயார்க் யாங்கீஸ். அந்த ஆண்டு அமெரிக்க லீக் கோப்பையை வெல்லப்போகும் அணி. டைகர் ஸ்டேடியத்தில் 47,855 பேர். டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர்கள் தனி.

மேட்டை நிரவினார், பந்தோடு பேசினார், கைகுலுக்கினார், யாங்கீஸை 5-1 என்று வீழ்த்தினார். மொத்த ஆட்டமும் ஒரு மணி 51 நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. 'எங்களுக்குப் பறவை வேண்டும்' என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கத்திக்கொண்டு நிற்க, உள்ளே போயிருந்தவரை மறுபடி அழைத்து வந்தார்கள். அந்த ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. பேஸ்பாலின் ஒரு விதிகூடத் தெரியாதவரும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். வெளியே வந்து நிற்கும் அந்தப் பையனின் முகத்தில் வெற்றிப் பெருமிதத்தை நான் காணவில்லை. இத்தனை பேர் எனக்காகவா என்ற திகைப்புத்தான் இருக்கிறது.

டெட்ராய்ட் மக்கள் ஏன் அவரை அப்படிக் கொண்டாடினார்கள்?

அன்றைய டெட்ராய்டை அறிந்தால் இது புரியும். கார் தொழிற்சாலைகளின் நகரம் அது. 1967 கலவரத்தின் காயம் ஆறவில்லை. குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. 1973 எண்ணெய் நெருக்கடி கார் தொழிலையே உலுக்கியிருந்தது. போதாக்குறைக்கு 1975இல் டைகர்ஸ் 102 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அவற்றில் 19 தொடர்ச்சியாக. அப்படிப்பட்ட ஊரில், பெட்ரோல் நிலையத்திலிருந்து வந்த ஒரு பையன், மண்ணைக் கையால் தடவிக்கொடுத்து, சிரித்துக்கொண்டே பெரிய அணிகளை வீழ்த்துகிறான்.

1976இல் டைகர்ஸ் சொந்த மைதானத்துக்கு வந்தவர்கள் மொத்தம் சுமார் 14.67 லட்சம் பேர். அதில் ஃபிட்ரிச் எறிந்த 18 ஆட்டங்களுக்கு மட்டும் வந்தவர்கள் 6,05,677 பேர். வெளியூர் அணிகள்கூடத் தங்கள் மைதானத்துக்கு வரும்போது அவரையே எறிய வைக்கும்படி கேட்டுக்கொண்டன.

அவர் பந்து மிக வேகமானதா?

இல்லை. 250 இன்னிங்ஸில் அவர் ஸ்ட்ரைக் அவுட் செய்தது, அதாவது பந்தை அடித்து ஆடவிடாமலே அவுட் ஆக்கியது, 97 பேரைத்தான். உச்ச மட்டப் பிட்சருக்கு இது குறைவு. அவருடைய பலம் வேறு. பந்து முழங்கால் உயரத்தில் வந்து கடைசி நேரத்தில் தாழும். பேட்டர் அடித்தால் பந்து தரையோடு உருளும். பின்னால் நிற்பவர்கள் எடுத்து, பேட்டர் ஓடிச் சேருமுன் முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கிவிடுவார்கள். சக ஆட்டக்காரர்களிடம் ஓடிப்போய்க் கைகுலுக்கியது வெறும் விளையாட்டுத்தனம் அன்று. அவர்களை நம்பித்தான் அவர் எறிந்தார். கேட்சர் புரூஸ் கிம்முக்கும் அந்த வெற்றிகளில் பெரும் பங்கு உண்டு; ஃபிட்ரிச் எறிந்த நாளெல்லாம் பிடித்தவர் அவர்தான்.

இவ்வளவு கூட்டம் சேர்த்தவருக்கு எவ்வளவு சம்பளம்?

சுமார் 16,500 டாலர். அந்த ஆண்டு முழுமைக்கும். ஒரே இரவில் அதைப்போல் பல மடங்கு பணம் டிக்கெட் விற்பனையில் அணிக்குச் சேர்ந்திருக்கும். மிச்சிகன் சட்டமன்றத்தில் அவருக்குச் சம்பளம் உயர்த்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரும் அளவுக்குப் பேச்சு எழுந்தது. பருவம் முடிந்தபின் 25,000 டாலர் ஊக்கத்தொகையும் மூன்று ஆண்டுக்கு 2,55,000 டாலர் ஒப்பந்தமும் கிடைத்தன. அந்த மூன்று ஆண்டுகளில் அவரால் எவ்வளவு எறிய முடிந்தது என்று பார்த்தால், நல்ல வேளை அந்த ஒப்பந்தமாவது கிடைத்ததே என்றுதான் தோன்றுகிறது.

பிறகு என்ன ஆயிற்று?

1977 மார்ச்சில் ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில் பயிற்சி முகாம். வெளிக்களத்தில் உயரமாக வரும் பந்துகளைத் துள்ளிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். 'பார்த்து ஆடு' என்று மூத்த வீரர் ரஸ்டி ஸ்டாப் எச்சரித்தார். ஒரு துள்ளலில் இடது முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது.

மே மாத இறுதியில் திரும்பி வந்தார், நன்றாகவே எறிந்தார். ஜூலை 4 அன்று பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தின் நடுவில் கை திடீரென்று உயிரற்றதுபோல் ஆகிவிட்டது. எறிகிறார், பந்தில் உயிர் இல்லை. அந்த ஆண்டு 6 வெற்றி, 4 தோல்வியோடு நின்றது. 1978இல் 3 ஆட்டங்கள் மட்டும். 1979இல் 4 ஆட்டங்கள், மூன்று தோல்வி. 1980இல் 9 ஆட்டங்கள். அந்த அக்டோபர் 1 அன்று டொரன்டோவில் எறிந்து வென்றதுதான் மேஜர் லீகில் அவருடைய கடைசி ஆட்டம். வயது 26.

முழங்காலில் அடிபட்டால் தோள் ஏன் கெட வேண்டும்?

வலது கையால் எறிபவர் எறிந்து முடிக்கும்போது உடலின் முழுப் பாரத்தையும் இடது காலில் இறக்குகிறார். அந்தக் கால் உறுதியாக நிற்காவிட்டால், வேகத்தைத் தாங்கி நிறுத்தும் வேலை தோளின் தலையில் விழும். வலியுள்ள காலைக் காப்பாற்ற உடல் தன்னையறியாமல் எறியும் முறையையே சற்று மாற்றிக்கொள்ளும். ஃபிட்ரிச்சுக்கும் இதுதான் நேர்ந்தது என்று பலர் கருதுகிறார்கள்.

முதல் ஆண்டில் அளவுக்கு மீறி எறிய வைத்ததுதான் காரணமா?

இதில் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: அதற்கும் பங்கு உண்டு. 21 வயதுக் கையைக் கொண்டு 24 முழு ஆட்டங்கள். பதினோரு இன்னிங்ஸ் எறிந்த சில நாள்களிலேயே மறுபடி பதினோரு இன்னிங்ஸ். இன்று எந்த அணியும் ஒரு புதுமுகத்தை இப்படி எறிய விடாது. பந்துகளை எண்ணி, நூறை நெருங்கும்போதே வெளியே அழைத்துவிடுவார்கள். ஆனால் 1976இன் வழக்கம் வேறு. நல்ல பிட்சர் என்றால் தொடங்கியதை முடிக்க வேண்டும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு, அவருடைய எதிர்பார்ப்பும் அதுவே. மேலாளர் ஒருவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது. அன்று பலர் அவ்வாறு எறிந்தும் நீண்ட காலம் ஆடினார்கள்.

மருத்துவர்களால் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்துவது. தோள்மூட்டைச் சுற்றிக் கையைத் தாங்கிப் பிடித்திருக்கும் தசைநாண்கள் கிழிந்திருந்தன. அது தெரியவந்தது 1985இல், மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் பரிசோதித்தபோது. கை செயலிழந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்ட வாழ்க்கை முடிந்தே இரண்டு ஆண்டுகள்.

1977இல் மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். கிழிந்த தசைநாண் தெரியாது. இதே காலத்தில்தான் முழங்கைக்கு ஒரு வழி பிறந்திருந்தது: டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முழங்கையில் புதிய தசைநார் பொருத்தினார். 1976இல், ஃபிட்ரிச் கொடிகட்டிப் பறந்த அதே கோடையில், டாமி ஜான் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். தோளுக்கு அப்படியொரு வழி அன்று இல்லை. ஃபிட்ரிச்சோ, நோய் என்னவென்றே தெரியாமல், நாளை சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் எறிந்துகொண்டேயிருந்தார்.

புகழ் தலைக்கேறி வீணானார் என்று படித்தேனே?

தவறு. 'ஒரு பருவத்து அதிசயம்' என்று சொல்லி முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கட்டிய கதை அது. ரோலிங் ஸ்டோன் இதழின் அட்டையில் முதலில் இடம்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் அவர். புகழ் வரத்தான் செய்தது. ஆனால் முழங்கால் சிகிச்சைக்குப் பின் 1977இல் அவர் எறிந்த கணக்கைப் பாருங்கள்: ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.89 ரன். தலைக்கனம் ஏறியவரின் கணக்கா இது? கெட்டது தோள். கெட்ட தோளோடு ஆறு ஆண்டுகள் விடாமல் முயன்றவரை ஒழுங்கற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வர எவ்வளவு முயன்றார்?

1981 முழுவதும் கீழ்மட்ட லீகில் இவான்ஸ்வில் அணிக்கு எறிந்தார். பருவ முடிவில் டைகர்ஸ் விடுவித்தது. சொந்த மாநிலத்து அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் எடுத்துக்கொண்டு, ரோட் ஐலண்டில் இருந்த தன் பாடக்கெட் கிளை அணிக்கு அனுப்பியது. அங்கே 1982 ஜூலை 1 அன்று ஒரு நல்ல இரவு வாய்த்தது. எதிரே டேவ் ரிகெட்டி, 1981இன் சிறந்த புதுமுகம். சின்ன மைதானத்தில் 9,389 பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஃபிட்ரிச் முழு ஆட்டமும் எறிந்து 7-5 என்று வென்றார். அதற்கு மேல் தோள் இடம் கொடுக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் நடுவில் விலகினார்.

மேஜர் லீகில் அவருடைய மொத்தக் கணக்கு?

58 ஆட்டங்கள், 29 வெற்றி, 19 தோல்வி, 34 முழு ஆட்டங்கள், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 3.10.

ஆட்டத்தை விட்டபின் என்ன செய்தார்?

நார்த்பரோவுக்கே திரும்பினார். ஆட்டத்தில் சேர்த்த பணத்தில் 107 ஏக்கர் பண்ணை வாங்கியிருந்தார். பத்துச் சக்கர லாரி ஒன்றை வைத்துக்கொண்டு மண்ணும் சரளையும் ஏற்றிப் பிழைத்தார். 1986இல் திருமணம், ஒரு மகள். வார இறுதிகளில் மாமியாரின் சிற்றுண்டிக் கடையில் கூடமாட வேலை செய்தார். கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடம் நின்று பேசுவார். தன் விதியை நொந்து அவர் பேசியதில்லை. தான் கொடுத்துவைத்தவன் என்றே பேட்டிகளில் சொல்லிவந்தார்.

எப்படி இறந்தார்?

2009 ஏப்ரல் 13 அன்று தன் பண்ணையில் அந்த லாரியின் அடியில் படுத்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சுழலும் தண்டில் சட்டை சிக்கிக்கொண்டு மூச்சு முட்டி இறந்தார். வயது 54.

டெட்ராய்டில் அவருடைய நினைவாக ஏதாவது இருக்கிறதா?

அவர் எறிந்த மைதானம் இப்போது இல்லை. டைகர் ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம் 1999 செப்டம்பர் 27 அன்று நடந்தது. ஆட்டம் முடிந்ததும் பழைய வீரர்களைக் களத்துக்கு அழைத்தார்கள். 45 வயது ஃபிட்ரிச் முன்னால் ஓடிவந்து, நேரே மண்மேட்டுக்குப் போய், குனிந்து அந்த மண்ணை அள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டார். அவர் இறந்த 2009இலேயே அந்த ஸ்டேடியம் முழுதாக இடிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் 19 அன்று, டைகர்ஸின் புதிய மைதானமான கொமெரிக்கா பார்க்கில் அவருக்கு நினைவஞ்சலி. அவருடைய மனைவியும் மகளும் பிட்சர் மேட்டுக்கு நடந்து போனார்கள். மண்டியிட்டு, மண்ணைக் கையால் நிரவிவிட்டார்கள்.